வாங்க, உக்காருங்க

1991 தை மாதம் என்னைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். தண்டலம் பக்கத்து ஸ்பிரிங் கம்பெனியில் எனக்குக் கீழே பதினோரு பேர். அத்தனை பேரும் என்னை 'சார்' என்றார்கள். வீட்டுக்கு வந்தால் லீலா மட்டும், "யோவ், வந்துட்டியா?" என்பாள். சுயமரியாதை உள்ள மனிதன் இதை எத்தனை நாள் பொறுப்பான்? நான் ஆறு நாள் பொறுத்தேன்.

ஏழாம் நாள் சொல்லிவிட்டேன். "லீலா, இனிமே என்ன வாங்க போங்கன்னுதான் கூப்புடணும்."

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"கூப்புட்டா போச்சு. பின் தெரு அப்பாவு பெரியவரு உன் லைன்லதானே பெருக்குறாரு? அவர நீ எப்பிடி கூப்புடுற?"

அப்பாவு பெரியவருக்கு வயது ஐம்பத்தாறு. எனக்கு முப்பத்திரண்டு. நான் கூப்பிடுவது, "இன்னா பெருசு, தூங்கினு கீறியா?"

"வாங்க போங்கன்னுதான்," என்றேன்.

"அப்போ ஞாயித்துக்கெழம அவர சோத்துக்குக் கூப்புடறேன். நீ மரியாத குடுக்கறத என் காதால கேட்டுட்டா, அந்த நிமிசத்துலேர்ந்து நீயும் வாங்கதான்."

ஒரே ஒரு 'வாங்க'. செலவில்லாத காரியம். எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவு வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். லீலா காதில் விழும்படி, "வாங்க அப்பாவு, வாங்க. உக்காருங்க," என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அவர் உட்காரவில்லை. முகம் வெளுத்துவிட்டது. "நான் இன்னா சார் தப்பு பண்ணேன்?"

எங்கள் கம்பெனி வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். மேனேஜர் எல்லோரையும் வாடா போடாதான். வேலையை விட்டு நிறுத்துகிற அன்று மட்டும், "வாங்க, உக்காருங்க" என்று நாற்காலி காட்டுவார். போன மாதம்கூட இரண்டு பேர் அதில் உட்கார்ந்து எழுந்து, நேராக வீட்டுக்குப் போனார்கள்.

"நேத்துகூட 'இன்னா பெருசு, தூங்கினு கீறியா'ன்னுதானே சார் கேட்டீங்க? அப்பிடியே கேளுங்க சார். இன்னும் ரெண்டு வருசம் ஓட்டிட்டுப் போயிடறேன்," என்று கும்பிட்டார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கும்பிட்ட கையைப் பிடித்துக்கொண்டேன்.

லீலா வந்தாள். "வேல எங்கியும் போவலீங்க. நீங்க உக்காருங்க, சாப்புடலாம்." அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "உன் வாங்கவுக்கு அவரு என்னிக்கு பயப்படாம இருக்காரோ, அன்னிக்குப் பாத்துக்கலாம். இப்ப போய் தண்ணி மொண்டு வை."

மறுநாளிலிருந்து கம்பெனியில் தினமும் 'வாங்க'. முதல் வாரம் அப்பாவு என்னைக் கண்டாலே ஒளிந்துகொண்டார். பங்குனியில் பயம் தெளிந்தது. சித்திரையில் ஒரு நாள் எங்கள் வாசலில் நின்று, "இன்னா தசரதா, டீ சாப்புட வரியா?" என்று கேட்டுச் சிரித்தார். பதினோரு 'சார்' சேர்ந்தும் தராத நிறைவு எனக்கு அதில் இருந்தது.

டீ குடித்துவிட்டு வந்ததும் லீலாவிடம் போனேன். "பாத்தியா, பயம் போச்சு. இனிமே நானும் வாங்கதானே?"

"அதெப்பிடி? அவ்ளோ பெரியவரே உன்ன வா போன்னு சொல்லசொல்ல, நான் வேற மாதிரி கூப்புட்டா அது அவருக்கு மரியாதயா? யோவ், அந்த மொறத்த எடு."