என் மெயில்களில் இருந்த பாசம் என்னுடையது அல்ல

இயேசு மரி சூசை துணை

டெலானிபூர், போர்ட் பிளேர்
ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்து

மகா கனம் பொருந்திய மைத்துனர் பீட்டர் அவர்களின் சமூகத்துக்கு, தங்கை புருஷன் அடைக்கலசாமி எழுதிக்கொள்வது. இங்கு நான், செலின், மகள் சோபியா மூவரும் ஆண்டவர் கிருபையால் சுகம். தூத்துக்குடியில் தாங்களும் தங்கள் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும் என்று மாதாவை மன்றாடுகிறேன். மேற்படி மன்றாட்டு என் சொந்த மன்றாட்டு, என் கையால் எழுதியது. இதைத் தனியாகக் குறிப்பிட வேண்டிய நிலைமை எனக்கு எப்படி வந்தது என்பதை விளக்கத்தான் இந்தக் கடிதம்.

மச்சான், சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதமாக என் பெயரில் உங்களுக்கு வந்த ஆறு மெயில்களிலும் இருந்த பாசம் என்னுடையது அல்ல. உங்கள் முழங்கால் வலியை விசாரித்தது நான் அல்ல. 'உங்களை நினைக்காத நாள் இல்லை' என்றது நான் அல்ல. 'லாட்ஸ் ஆஃப் லவ்' என்று முடித்தது சத்தியமாக நான் அல்ல. அறுபத்து மூன்று வயதில், ஒரு ஆம்பளைக்கு, அதுவும் பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத மச்சானுக்கு, அப்படி எழுதுகிற ஆளா நான்? எல்லாம் அந்த மெயில் கம்பெனிக்காரன் செய்த வேலை. நாம் எழுத எழுத, அடுத்து என்ன எழுதுவோம் என்று அதுவே ஒரு யூகம் பண்ணி, சாம்பல் நிறத்தில் மங்கலாக ஒரு வாக்கியத்தை நீட்டுமாம். பிடித்தால் டேப் பொத்தானை ஒரு தட்டுத் தட்ட வேண்டும், உடனே அது கறுப்பாகி நம்முடைய வாக்கியமாகிவிடும். பிடிக்காவிட்டால் கண்டுகொள்ளாமல் நம் பாட்டுக்கு எழுதலாம். பிடிப்பதற்கும் பிடிக்காமல் போவதற்கும் முதலில் அதைப் பார்க்க வேண்டும் இல்லையா? நான் பார்ப்பதில்லை.

ஏன் பார்ப்பதில்லை என்றால், நான் டைப்ரைட்டிங் ஹையர், முதல் வகுப்பு. கற்றுக்கொடுத்த மாஸ்டர் விசைகளின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவார். கண் இடது பக்கம் கிடக்கும் வரைவுத் தாளில் இருக்க வேண்டும், அடித்ததைத் திரும்பிப் பார்க்கிறவன் அரைகுறை என்பது அவர் வாக்கு. அந்த வாக்கை ஹட் பே ஆபீசில் எட்டு வருஷமும் இங்கே இருபத்தாறு வருஷமும், ஹெட் கிளார்க்காக ஓய்வு பெறும் நாள் வரைக்கும் காப்பாற்றியவன் நான். இன்றைக்கும் மெயில் அடிக்க வேண்டுமென்றால் முதலில் தாளில் வரைவு எழுதி, அதை இடது பக்கம் சாய்த்து வைத்துவிட்டுத்தான் உட்காருவேன். பத்தி தொடங்கும்போது முதல் வரி உள்ளே தள்ளி நிற்க ஒரு டேப். கடைசியில் கையெழுத்து வலது ஓரத்தில் நிற்க ஆறு டேப். சர்க்கார் கடிதம் என்றால் அதுதான் முறை. எனவே என் ஒவ்வொரு மெயிலிலும் பத்திக்கு ஒன்று, கையெழுத்துக்கு ஆறு என்று அந்த மெஷினின் கொஞ்சல்கள் எல்லாம் என் சம்மதத்தோடு உள்ளே ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

முதல் மெயிலை ஞாபகப்படுத்திப் பாருங்கள். செலினுடைய பெயர் என் பென்ஷன் கோப்பில் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருப்பதால் ஞானஸ்நானப் பதிவின் நகல் தேவைப்பட்டது. ஊர்க் கோவிலில் அந்தப் பதிவேட்டு அலமாரிச் சாவி உபதேசியாராகிய உங்கள் இடுப்பில் தொங்குகிறது. இல்லாவிட்டால் உங்களுக்கு எழுத எனக்கு என்ன தலையெழுத்து? 'மேற்கண்ட பொருள் தொடர்பாக, நகல் ஒன்றை அனுப்பி உதவுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.' என் வரைவு இவ்வளவுதான். மச்சான் என்ற சொல்கூடக் கிடையாது. போய்ச் சேர்ந்தது என்ன? 'நலம்தானே? ரொம்ப நாளாயிற்று, உங்கள் நினைவாகவே இருக்கிறோம்' என்று தொடங்கி, கையெழுத்துக்குப் பக்கத்தில் வரிசையாக அன்பு, ஆசை, சீக்கிரம் சந்திப்போம், காத்திருக்க முடியவில்லை.

நீங்கள் பதில் போட்டீர்கள், 'மச்சான், மெயிலைப் பார்த்துக் கண்ணு கலங்கிட்டு' என்று. நையாண்டி செய்கிறீர்கள் என்று நினைத்து எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது. இரண்டாவது மெயிலை நினைவூட்டுக் கடிதமாகக் காரசாரமாக அடித்தேன். ஐந்து பத்தி. காரம் கூடக் கூடப் பத்தி கூடும், பத்தி கூடக் கூடப் பாசம் கூடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. உடனே நீங்கள் கப்பலில் வந்த ஐயாவு கையில் நகலோடு ஒரு மூட்டை நெத்திலிக் கருவாடும் கொடுத்தனுப்பினீர்கள். கருவாடு அனுப்ப வேண்டாம் என்று மூன்றாவது மெயில் அடித்தேன். அதற்குப் பதிலாக இரண்டு மூட்டை வந்தது. இப்போது எங்கள் வீட்டுக்குப் பூனைகள் வரும் வரிசையைப் பார்த்தால் டெலானிபூர் மேட்டில் புதுக் கோவில் எதுவும் கட்டியிருக்கிறார்களா என்று சந்தேகம் வரும்.

உங்களுக்கு மட்டும்தான் இந்த அநியாயம் என்று நினைக்க வேண்டாம். மூன்று நாளைக்கு ஒரு தடவை அரை மணி நேரம் தண்ணீர் வருகிறது, இது மனிதர் வாழும் தெருவா என்று எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ரவிச்சந்திரனுக்கு ஒரு புகார் அடித்தேன். அவர் கூட்டத்தில் எழுந்து, "அடைக்கலசாமி சாப் கோ கோயி தக்லீஃப் நஹி ஹை" என்று சொல்லி, அதாவது எனக்கு ஒரு சிரமமும் இல்லையாம், மெயிலின் கடைசி ஆறு வரியைச் சத்தமாக வாசித்தார். 'அருமையான பணி. எங்களுக்கு முழுத் திருப்தி. ஒன்றும் அவசரமில்லை.' அன்றைக்கு மேல்வீட்டுச் சொர்ணம்மா என்னைப் பார்த்த பார்வையில் குடத்தில் இருந்த கொஞ்சம் தண்ணீரும் வற்றியிருக்கும்.

அதற்குப் பிறகுதான் சோபியா என் மெயில் பெட்டியைத் திறந்து பார்த்தாள். டூரிஸ்ட் ஆபீசில் டிக்கெட் போடுகிற பெண், கம்ப்யூட்டர் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. முதல் மெயிலை வாசித்தாள், சிரித்தாள். இரண்டாவதை வாசித்துக் கட்டிலில் விழுந்து சிரித்தாள். "பப்பா, யே க்யா ஹை, என்ன இது? மாமாவுக்கு லவ் லெட்டர் எழுதிருக்கீங்க" என்றாள். பிறகு நிறுத்துகிற வழியைச் சொன்னாள். மேலே வலது ஓரத்தில் பல்சக்கரம் மாதிரி ஒன்று இருக்கும், அதைத் தட்டி, எல்லா அமைப்புகளும் என்று போய், எழுதும்போது யோசனை சொல்லும் இடத்தில் 'வேண்டாம்' என்று புள்ளி வைக்க வேண்டும். வைத்தேன். வைத்துவிட்டு நிம்மதியாக, உண்மையை விளக்கி உங்களுக்கு ஐந்தாவது மெயிலை அடித்தேன். அதுதான் இருப்பதிலேயே மோசமானது, குடும்பத்தோடு புறப்பட்டு வரச் சொல்லி உங்களை அழைத்தே விட்டது என்று பிறகு தெரிந்தது. பக்கத்தின் அடிமட்டத்துக்குப் போய் 'சேமி' என்று ஒரு பொத்தானை அமுக்கினால்தான் உத்தரவு செல்லுமாம். அடியில் கையெழுத்து இல்லாத ஒரு தாளை முப்பத்து நாலு வருஷம் நான் வாங்கியதில்லை மச்சான். அப்படிப்பட்ட என்னை ஒரு பொத்தான் முட்டாளாக்கிவிட்டது. புதன்கிழமை சோபியாவே உட்கார்ந்து, நெட் வந்து வந்து போன மூன்று மணி நேரத்தில் அதை அமுக்கி முடித்தாள். "பஸ், ஹோ கயா பப்பா, முடிஞ்சுது. இனிமே நீங்க எழுதுறது மட்டுந்தான் போகும்" என்றாள்.

ஆனால் அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. தவக்காலத்துக்கு முன்னால் நீங்கள், வீட்டம்மா, இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், மூன்று பேரப்பிள்ளைகள், ஆக ஒன்பது பேர் சென்னையில் கப்பல் ஏறுவதாக எழுதியிருக்கிறீர்கள். என்னவோ நான் அழைத்ததை நம்பி வருகிறீர்கள். ஏமாற்றி ஒரு மனுஷனைக் கப்பல் ஏற்றினான் அடைக்கலசாமி என்ற பேச்சு எனக்கு வேண்டாம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் சோபியா கோவிலில் முதல் நன்மை வாங்கிய நாள் விருந்தில் நடந்ததை நான் மறக்கவில்லை. விடிகாலையில் எழுந்து நானே குழம்பு வைத்தேன். இருபது பேர் இலையில் உட்கார்ந்திருக்க, "கடலுக்கு நடுவுல இருந்துக்கிட்டு ஐஸ் மீனைத் திங்கீங்களே, இது மீனா ரப்பர் செருப்பா" என்று நீங்கள் கேட்டீர்கள். "பிடிக்கலைன்னா அடுத்த கப்பல்ல ஏறுங்க" என்று நான் சொன்னேன். நீங்களும் ஏறினீர்கள். மூன்று நாள் வாந்தி எடுத்துக்கொண்டு வந்த மனுஷன், கால் நிலையாக நிற்கும் முன்னே மறுபடி மூன்று நாள் வாந்தி எடுக்கப் போனீர்கள். செலின் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

அந்தக் கடைசி மெயிலில், ஆறாவதில், 'அன்றைக்கு விருந்தாளியிடம் நான் சொன்னது தப்பு, மன்னிக்கவும், கப்பல் துறையில் நானே வந்து நிற்பேன்' என்று மூன்று வரி இருக்கிறதே, அதுவும் அந்த மெஷின் எழுதியதுதான். அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகும் வருவதானால் வாருங்கள், வராவிட்டால் எனக்கு வருத்தம் இல்லை. ஐஸ் மீன் விஷயத்தில் என் நிலைப்பாடு மாறவில்லை.

பேனாவில் டேப் கிடையாது என்பதால் இதில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் நானே பொறுப்பு. பெரியவர்களுக்கு என் தோத்திரமும், பேரப்பிள்ளைகள் நெற்றியில் சிலுவை வரைந்து என் ஆசீரும் சொல்லவும்.

இப்படிக்கு,
ம. அடைக்கலசாமி
ஹெட் கிளார்க் (ஓய்வு)

பின்குறிப்பு: உறையில் விலாசம் எழுதச் சொல்லி இதைச் செலினிடம் கொடுத்தேன். விலாசத்தை எழுதாமல் கடிதத்தை எடுத்து அடுப்படியில் நின்றே வாசித்தாள். பிறகு வந்து, "ஏங்க, அந்த மெஷினுக்கு ரப்பர் செருப்பு சண்டையெல்லாம் யாரு சொன்னா?" என்று கேட்டாள். நான் பேப்பர் படித்தேன். "புதன்கிழமை சோபியா நிறுத்துனா. இந்தக் கடைசி மெயிலு வெள்ளிக்கிழமைல போயிருக்கு. நான் பாத்துட்டேன்" என்றாள். நான் பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். "பதினோரு வருஷமா அண்ணங்கூட ஒளிஞ்சு ஒளிஞ்சு போன்ல பேசுதேன். நீங்க வரச் சொன்னதா அண்ணன் சொன்ன அன்னைக்குத்தான் வாய்விட்டுப் பேசுனேன். இப்ப அதையும் மெஷினு தலையில போட்டா எப்படி?" என்று கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

மச்சான், அந்த மூன்று வரியை அடிக்க எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. வரைவு எழுதவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் திரையைப் பார்த்தே அடித்தேன்.

கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றால் செலின் விடமாட்டேன் என்கிறாள். அண்ணன் சிரிக்கட்டும் என்கிறாள். கப்பல் எத்தனை மணிக்கு வந்தாலும் நான் ஹேடோ கப்பல் துறையில் இருப்பேன். குழம்பைச் செலின் வைப்பாள். மீனை நீங்களே வந்து பார்த்து வாங்குங்கள்.