தங்கராசா அண்ணை கடையில் விற்ற முந்நூறு இசைத்தட்டுகள்

ஹம் நகர்,
திங்கட்கிழமை.

பேரன்புள்ள தேவமலர் அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். நீங்களும் அத்தானும் ஸ்ருட்கார்ட் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டுமென்று கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

அக்கா, ஜெர்மனியில் அதிகம் விற்ற நூறு இசைத்தட்டுகளின் வாராந்தப் பட்டியலில் வேணுஜாவின் முதல் தட்டு வந்தால்தான் கம்பனி இரண்டாவது போடும் என்று சொன்னேனல்லவா? வெள்ளிக்கிழமை வந்த பட்டியலில் என் மகளின் பெயர் இல்லை. காரணம் நான்தான். சொந்தக்காரருக்குக் கொடுக்கப் போகிறேன் என்று கம்பனியிடம் முந்நூறு தட்டை எடுத்து, தங்கராசா அண்ணையின் மரக்கறிக் கடையில் வைத்தேன். முருங்கைக்காய் வாங்க வந்த ஒருவரையும் அண்ணை சும்மா விடவில்லை. "எங்கட பிள்ளையின்ர பாட்டு, ஒண்டு எடுங்கோ" என்று ஒரே கிழமையில் முந்நூறையும் தள்ளிவிட்டார். அங்கே பெரிய கடையில் வாங்கப் போன உங்களையும் நான்தான் மறித்து, "வெளியாளுக்கு ஏன் குடுக்கிறியள், இஞ்ச வாங்கோ" என்று ரயிலேற வைத்தேன். அப்போது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வியாழக்கிழமை தேத்தண்ணி குடிக்கும்போது வேணுஜா சாவகாசமாக விளக்கினாள். "அப்பா, கிழமைக் கணக்கு வெள்ளியில தொடங்கி வியாழனோட முடியும். பட்டியலோட சேர்ந்த கடையள்தான் வித்ததை அனுப்பும். மற்றக் கடையில ஆயிரம் வித்தாலும் கணக்கில்லை. அதுவும் எத்தினை தட்டெண்டு பாக்கிறேல்லை, எவ்வளவு காசுக்கு வித்ததெண்டுதான் பாப்பினம். காசு கட்டிப் போனில கேக்கிறதும் சேரும்." தங்கராசா அண்ணையின் காசு மெஷின் எங்கே அனுப்பும்? அதற்கு வெண்டிக்காய் விலையே சரியாகத் தெரியாது.

ஆனால் அக்கா, கோபம் வரவில்லை, மரியாதைதான் வந்தது. இந்தப் பட்டியல் போடுறவைக்கு என்ன மூளை! ஆரின்ர பிள்ளை, எந்த ஊர் என்று ஒரு கேள்வியில்லை. ஒரே ஆள் அள்ளிக்கட்டி வாங்கினாலும் மோப்பம் பிடிச்சுக் கழிச்சுப்போடுவினமாம். நாங்கள் சங்கக் கூட்டத்தில் நாற்பது கையை எண்ணினாலே மூன்று தரம் மூன்று கணக்கு வரும். இவங்கள் நாடு முழுக்க எண்ணி அடுத்த நாளே பட்டியலை நீட்டுறாங்கள். இவங்களுக்குத் தலைவணங்கத்தான் வேணும்.

இனி மகளின் பாட்டு விஷயத்தில் என் விரல்கூடப் படாது. முந்நூறு பேரையும் பிழையான கடைக்குத் திருப்பியது நான் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் என் முகத்தைப் பார்க்கமாட்டாள். நினைக்கவே நெஞ்சு பதறுது. நீங்களும் மூச்சு விடாதேங்கோ.

அத்தானை விசாரித்ததாகச் சொல்லுங்கோ. அம்பாள் உங்கள் வீட்டு வாசலை விட்டு விலகாமல் இருக்கட்டும்.

உங்கள் அன்புத் தம்பி,
தபோதரன்

பி.கு.: மாமி, இது வேணுஜா. அப்பா கடிதத்தை ஒட்டாமல் தபாலில போடத் தந்தவர், வாசிச்சுப்போட்டன். வாசிச்ச உடனே கம்பனிக்குப் போன் அடிச்சன். முந்நூறு தட்டு, ஒரே மரக்கறிக் கடையில, ஒரே கிழமையில எண்டு சொன்னன். அவை கடையின்ர பேரைக் கேட்டு எழுதிச்சினம். பிறகு, இரண்டாவது தட்டுப் போடுவம், ஆனால் விக்கிற பொறுப்பு உங்கட அப்பாவுக்குத்தான் எண்டிச்சினம். அவையைச் சந்திக்கிற டேர்மின் வியாழக்கிழமை. அப்பாவுக்கு இன்னும் சொல்லேல்லை. வியாழன் வரைக்கும் கிடந்து பதறட்டும்.