காலி நாற்காலிக்குப் பாடம்

பாசத்துக்குரிய அக்காவுக்கு,

தம்பி வணக்கம் சொல்லி எழுதுவது. நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் தம்பி பெண்டாட்டியும் சுகம். வீட்டில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறாரோ என்ற சந்தேகத்தில்தான் இதை எழுதுகிறேன்.

"நாப்பத்தாறு வயசானா என்னடா, போய்ப் படி" என்று என்னை மாலைக் கல்லூரியில் தள்ளிவிட்டது நீதான். இத்தனை வருடம் லிப்ட் பழுது பார்த்தும், டிப்ளமா இருந்தால்தான் சூப்பர்வைசர் வேலையாம். இல்லாவிட்டால் நான் தொழில் சொல்லிக்கொடுத்தவனே எனக்கு மேலே வந்து உட்காருவான். ஆனால் படித்தது எதுவும் மண்டையில் ஏறவில்லை. கலர் பேனாவால் கோடு போட்டேன், புத்தகம் முழுக்க மஞ்சளானதுதான் மிச்சம். கண்ணாடியில் குறிப்புச் சீட்டு ஒட்டினேன், முகம் பார்க்க இடமில்லை என்று இவள் கிழித்துப் போட்டாள். கடைசியில், என்னைவிட வயதில் சின்னவரான எங்கள் வாத்தியார், "படிச்சதை யாருக்காவது விளக்கிச் சொல்லுங்க சார். ஆள் கிடைக்கலேன்னா காலி நாற்காலிக்குச் சொல்லுங்க" என்றார்.

கட்டிலில் உட்கார்ந்து, எதிரே மர நாற்காலியைப் போட்டு தினமும் விளக்கினேன். நான்காம் நாள், "கரண்ட் போனா லிப்ட் பிரேக் விட்டுடும்" என்று வாய் தவறிச் சொன்னேன். நாற்காலி கிரீச் என்றது. "இல்ல, பிடிச்சுக்கும்" என்றேன். அடங்கிவிட்டது. அன்றிலிருந்து தப்பாகச் சொன்னால் கிரீச், சரியாகச் சொன்னால் சத்தமே இல்லை. பயமாகத்தான் இருந்தது அக்கா, ஆனால் வகுப்புத் தேர்வில் மார்க் ஏறியதே!

வாத்தியாரிடம் சொன்னேன். "அப்போ இடம் மாறி உட்கார்ந்து பாருங்க" என்று சிரித்தார். பரீட்சைக்கு முந்தின நாள் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். எதிரே காலிக் கட்டிலிலிருந்து யாரோ ஏழாம் பாடத்தை விளக்குவது கேட்டது. நான் திறந்தே பார்க்காத பாடம். குரல் என்னுடையது. நடுவே நான் செருமுவதுபோலவே செருமவும் செய்தது. எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன். இருந்தாலும் கடைசிவரை கேட்டேன், நன்றாகத்தான் நடத்தினேன்.

மறுநாள் பரீட்சையில் பேனா தானாக ஓடியது. பாஸ்! திங்கட்கிழமை சூப்பர்வைசராகச் சேரச் சொல்லி உத்தரவும் வந்துவிட்டது. எல்லாம் உன் புண்ணியம். அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: இதை இவளிடம் படித்துக் காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது. "பரீட்சை அன்னிக்கு நீங்க எங்க போனீங்க? காலையிலேருந்து அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லையே! டீ வெச்சேன், ஆறிப்போச்சு. தோளைத் தொட்டுக் கூப்பிட்டேன், கிரீச்சுன்னு ஒரு சத்தம்தான் வந்துச்சு" என்கிறாள். யார் எழுதினாலும் பாஸ் பாஸ்தான், அக்கா. ஆனால் திங்கட்கிழமை வேலைக்குப் போகப்போவது யார்?