நான் ஒட்டிக்கொடுத்த சோற்றுக் கிண்ணம்

எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. அதில் நாலு சொல் மட்டும் தெரியும். ஒன்றும் தெரியாதவனால் யாருக்கும் கெடுதல் இல்லை. நாலு சொல் தெரிந்தவனைத்தான் வீட்டுக்குள் விடக்கூடாது. என்னை வைத்தே இதைச் சொல்கிறேன்.

நான் லண்டனில் பஸ் ஓட்டுகிறவன். இரண்டு ஓட்டங்களுக்கு நடுவில் கிடைக்கும் இடைவேளையில் மற்றவர்கள் சாப்பிடுவார்கள், நான் கைபேசியில் வீடியோ பார்ப்பேன். அப்படித்தான் ஜப்பான் என்னைப் பிடித்தது. காலையில் எதற்காக எழும்புகிறோமோ அது இக்கிகாய். ஒரு பொருள் வீணாகிறதே என்று மனம் அடித்துக்கொண்டால் மொத்தாய்னாய். உடைந்த பாத்திரத்தை எறியாமல், ஒட்டிய வடு தெரியும்படி தங்கம் பூசி வைத்துக்கொண்டால் கின்ட்சுகி. மனைவி சாந்தி மிஞ்சின சோற்றைக் கொட்டப் போனால் "மொத்தாய்னாய்" என்று குறுக்கே நிற்பேன். அலாரம் அடித்தும் எழும்பாத மகளுக்கு இக்கிகாய் பற்றி வகுப்பெடுப்பேன். ("அம்மா, ப்ளீஸ், அப்பான்ரை போனைப் பறிச்சு வையுங்கோ!")

கிழக்கு லண்டன் குட்மேய்ஸில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு ஜப்பானியத் தம்பதி இருந்தார்கள். நோபுவோ சான், ஹருக்கோ சான். (நாங்கள் அண்ணை, அக்கா போடுவதுபோல அவர்கள் மரியாதைக்குப் போடுவது சான்.) பிள்ளைகள் இல்லை. ஜப்பானிய வீடுகளில் ஆளுக்கொரு சோற்றுக் கிண்ணம் உண்டு. ஒருவருடையதை மற்றவர் தொடமாட்டார். நோபுவோ சானுடையது நீல அலை வரைந்தது. சாந்தி வேலிக்கு மேலால் கொடுக்கும் இடியப்பத்தையும் சொதியையும்கூட அந்தக் கிண்ணத்தில் போட்டுத்தான் சாப்பிடுவார். சாப்பிட்டு முடித்து, வெறும் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பார்.

போன வருடம் அவர் இறந்துபோனார். பிரேத வண்டி வீட்டிலிருந்துதான் புறப்பட்டது. என்னால் ஷிப்டை மாற்ற முடியவில்லை, அதனால் நேரே தகனச்சாலைக்குப் போய்ச் சேர்ந்துகொண்டேன். வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அதுதான் என் கேட்டுக்குத் தொடக்கம்.

அடுத்த நாள் காலை நடைபாதையில் அந்த நீலக் கிண்ணம் துண்டு துண்டாகக் கிடந்தது. குப்பைப் பையை நரி கிழித்திருந்தது. பாவம் ஹருக்கோ சான், துக்கத்தில் கை தவறிப் போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். நினைத்ததோடு நின்றிருக்கலாம். ஏழு துண்டுகளையும் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்தேன்.

"என்னப்பா இது? ஆற்றையோ உடைஞ்ச கோப்பையை ஏன் உள்ளுக்குக் கொண்டு வாறியள்?"

"உமக்கு விளங்காது. இதுதான் கின்ட்சுகி."

"அந்த மனுசியிட்ட ஒருக்காக் கேட்டுப்போட்டுச் செய்யுங்கோவன்."

"கேட்டால் சப்ரைஸ் இல்லாமப் போயிடுமப்பா!"

உண்மையான கின்ட்சுகிக்கு மரத்துப் பாலும் தங்கத்தூளும் வேண்டும். பொறுமையும் மாதக்கணக்கில் வேண்டும். என்னிடம் இருந்தது தண்ணீர்க் குழாய் ஒட்டுகிற பசை. தங்கத்துக்கும் வழி இருந்தது. மகள் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்திய வீட்டுக்குக் குடங்களில் பூசிய பெயிண்ட் கராஜில் பாதி டின் மிச்சம் கிடந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு நாலு பின்னேரம் மேசையை விட்டு எழும்பாமல் வேலை செய்தேன். ஒரு சில்லு குறைந்தது, அந்த இடத்தைப் பசையாலேயே நிரப்பினேன். முடிவில் கிண்ணம் ஒரு பக்கம் சாய்ந்துதான் நின்றது. குறையிலும் அழகு காண்பதே ஜப்பானியப் பண்பாடு என்று சாந்திக்கு விளக்கினேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தகனம் முடிந்து எட்டாம் நாள் கொடுப்பது என்று முடிவு செய்தேன். எங்கள் ஆட்களுக்கு எட்டுச்செலவு முக்கியம், இறந்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைக்கிற நாள். ஷிப்ட் முடிந்து வந்து, சட்டை மாற்றி, பெட்டியோடு கதவைத் தட்டினேன். ஹருக்கோ சான் முன்னறைக்குக் கூட்டிப்போனார். அலுமாரியின் மேல் நோபுவோ சானின் படம், ஊதுபத்தி, ஒரு சிறு தட்டில் சோறு. எங்கள் இருவருக்கும் பொது மொழி ஆங்கிலம். இருவருக்குமே சொந்தமில்லாத மொழி, அதனால் நன்றாக விளங்கும். அந்த ஆங்கிலத்தில், ஜப்பானில் பிறந்து வளர்ந்த எழுபது வயதுப் பெண்ணுக்குக் கின்ட்சுகி என்றால் என்ன என்று ஐந்து நிமிடம் விரிவுரை நடத்தினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் காது சுடுகிறது.

அவர் பெட்டியைத் திறந்தார். கிண்ணத்தைக் கண்டதும் வாய் தன்பாட்டில் "ஒகாயெரி" என்றது. பிறகு அப்படியே தரையில் இருந்துவிட்டார்.

எனக்குத் தெரிந்த நாலு சொல்லில் அது இல்லை. நான் பாராட்டு என்றே நினைத்துச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

"வேலையால் வருகிறவருக்கு வீட்டில் இருக்கிறவர் சொல்வது," என்றார் ஹருக்கோ சான். "வந்துவிட்டீர்களா என்று. நாற்பது வருடம் ஒவ்வொரு மாலையும் சொன்னேன். இனிச் சொல்லக்கூடாது. அவருடைய ஊரில், ஆளைத் தூக்கும்போது அவருடைய சோற்றுக் கிண்ணத்தை வாசலில் போட்டு உடைப்பார்கள். இங்கே உங்களுக்கு இனிச் சாப்பாடு இல்லை, திரும்பாமல் போங்கள் என்று அர்த்தம். வண்டி புறப்படும்போது நான்தான் உடைத்தேன். கை வரவேயில்லை. கண்ணை மூடிக்கொண்டு உடைத்தேன்."

உடைப்பதற்கு அவர் பட்ட பாடு ஒரு பக்கம். நான் நாலு நாள் இருந்து, குழாய்ப் பசை போட்டு, போன மனிதனைத் திருப்பி வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறேன். அதுவும் தங்கப் பெயிண்ட் அடித்து.

ஏதாவது சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வேறொன்று வந்தது. "நாங்களும் உடைக்கிற ஆட்கள்தான்," என்றேன். கொள்ளி வைக்கும் மகன் குடத்தைத் தோளில் சுமந்து, பிணத்தைச் சுற்றி வந்து, பின்பக்கமாகப் போட்டு உடைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போக வேண்டும். எங்கள் வீட்டில் மூத்தவன் நான். என் அப்பா யாழ்ப்பாணத்தில் செத்த அன்று நான் குரோய்டனில், அகதி விசாரணைக்காக, பைலைக் கட்டிப்பிடித்தபடி வரிசையில் நின்றேன். நாட்டை விட்டுப் போனால் வழக்கு முடிந்தது. சித்தப்பாவின் மகன் குடத்தைத் தூக்கினான். நான் அடுத்த நாள் வேலைக்குப் போனேன். அழவில்லை. அழுவதற்கு ஒரு இடம் கிடைக்கவில்லை.

இவ்வளவையும் ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. ஹருக்கோ சான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழும்பினார். பின்வளவுக் கதவைத் திறந்து, சீமெந்துத் தரையைக் காட்டினார்.

முதலில் அவர் போட்டார். கிண்ணம் 'டொக்' என்று துள்ளி உருண்டு, முழுசாக நின்றது. (குழாய்ப் பசையைக் குறை சொல்லவே கூடாது.) இரண்டாம் தரமும் அதே. ஹருக்கோ சான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு கிண்ணத்தை என் கையில் தந்தார்.

"உங்கள் முறைப்படி செய்யுங்கள்," என்றார்.

தோளில் வைத்தேன். அந்தச் சின்னக் கிண்ணம் தோளில் நிற்கவில்லை, கையால் பிடித்துக்கொண்டேன். பின்பக்கமாக விட்டேன். இந்தத் தரம் உடைந்தது. சத்தத்தைக் கேட்டேன், திரும்பவில்லை. முதுகுக்குப் பின்னால் அவர் விம்முவது கேட்டது. செத்த வீட்டில் சொல்லிக்கொண்டு போவதில்லை; நானும் ஒன்றும் சொல்லாமல் பக்கக் கதவால் வெளியே வந்து, எங்கள் வீட்டு வாசலுக்கு நடந்தேன். மொத்தம் இருபது அடி. கண் தெரியாமல் இரண்டு பூச்சாடியில் இடித்துக்கொண்டேன்.

சாந்தி கதவைத் திறந்தாள்.

"ஐயோ, ஏனப்பா அழுறியள்? ஏசிப்போட்டாவோ?"

"அப்பா செத்துப்போனார், சாந்தி."

அவள் ஒரு நிமிடம் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அவர் செத்து இருபது வருசமெல்லோ!" என்றாள். பிறகு ஒன்றும் கேட்காமல், வெளியிலேயே நிற்கச் சொல்லி, ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து என் தலையில் ஊற்றினாள்.

இப்போது எந்த விருந்துக்குப் போனாலும் மகள் இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. ஆங்கிலத்தில், என்னைப் போலவே நடித்துக் காட்டி: "அப்பா பக்கத்து வீட்டுக்குக் கோப்பை குடுக்கப் போய், தாத்தா செத்த செய்தியோட வந்தார்." எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். என்ன செய்ய, செய்தி எனக்கு அன்றைக்குத்தான் கிடைத்தது.