பெரம்பலூர் குரங்கு சார்

குரங்குக்கு நன்றி சொல்லாமல் ஒரு மாத்திரையைக்கூட எடுத்துக் கொடுக்காத மருந்தாளுநர் உலகத்திலேயே ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் குரங்கு சார்.

எனக்கும் என் மனைவி செல்விக்கும் எச்.ஐ.வி. இருப்பது நான் எழுதும் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குப் பழைய செய்தி. தெரிந்தவர்கள் கண்ணில் பட வேண்டாமென்று அரியலூரிலிருந்து பெரம்பலூருக்குப் பஸ் ஏறிப்போய், அங்கே அரசு ஆஸ்பத்திரியில் சாரின் கவுண்டரில் மாத்திரை வாங்குவோம். பெரம்பலூர்க்காரர்கள் அதே காரணத்துக்காக அரியலூருக்கு வருவார்கள். வழியில் இரண்டு பஸ்ஸும் எதிரெதிரே வந்தால் இரண்டிலும் பாதிப் பேர் குனிந்து செருப்பைத் தேடுவோம்.

சார் முன்பு சென்னையில் ஒரு மருந்து ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்தவர். சோதனை எலிகளுக்கெல்லாம் பெயர் வைப்பாராம். சோதனை முடிந்து அவற்றைக் கொல்லும் நாளில் லீவு போட்டுவிடுவாராம். லீவெல்லாம் தீர்ந்ததும் வேலையையே விட்டுவிட்டார். பிள்ளையார் சதுர்த்தியன்று அவர் கொழுக்கட்டையை எலிக்கு வைத்த பிறகுதான் பிள்ளையாருக்கு வைப்பார். கவுண்டரில் மாத்திரையை எண்ணிக்கொண்டே எலிக் கதையும் சொல்வார்.

"எலிக்கு இந்தக் கிருமி ஒட்டாதுங்க. அதனால மனுஷ செல்லை அது உடம்புல ஏத்தி, அப்பறம் கிருமியை வுட்டு, மாத்திரையைக் குடுத்துப் பாப்பாங்க. பாதி மனுஷங்க அது."

"அப்ப அதுக்கு ஓட்டு இருக்குங்களா?" என்று வரிசையில் நின்ற பெரியவர் கேட்டார்.

"எலெக்‌ஷன்ல நின்னுச்சுன்னா என் ஓட்டு அதுக்குத்தான்."

செல்வி முழுகாமல் இருந்தபோதுதான் அது நடந்தது. கவுண்டரில் நின்றவள் திடீரென்று சொன்னாள்: "கொஞ்ச நாளா மாத்திரை முழுங்கலைங்க சார். வவுத்துப் புள்ளைக்கு ஆவாதுன்னு பயமா இருக்கு."

எனக்கே அப்போதுதான் தெரிந்தது. மாத்திரையை நிறுத்தினால் கிருமி பிள்ளைக்கும் போய்விடுமே.

சார் கவுண்டரை விட்டு வெளியே வந்தார். தரையில் குந்தி, தாய்க் குரங்காக மாறினார். வாழைப்பழத்துக்குள் ஒளித்த மாத்திரையைக் கண்டுபிடித்துத் துப்பினார், பல்லைக் காட்டினார், மடியில் இல்லாத குட்டிக்குப் பேன் பார்த்தார். சத்தம் கேட்டு வாட்ச்மேன் தடியோடு ஓடி வந்தான். செல்வி சிரித்துவிட்டாள். ஆனால் மாத்திரையைத் தொடவில்லை.

சார் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "நம்ம கிருமிக்குக் குரங்குல ஒரு பங்காளிக் கிருமி இருக்கும்மா. குரங்குக் குட்டிங்களுக்கு இந்த மாதிரி மருந்து குடுத்துப் பாத்தாங்க. நெறைய குட்டி கிருமி ஒட்டாம தப்பிச்சுக்கிச்சு. அதுங்களை யாரும் சம்மதம் கேக்கலை. ஒங்களைக் கேக்கறேன். முழுங்குங்கம்மா."

அங்கேயே தண்ணீர் வாங்கி முழுங்கினாள். அதன் பிறகு ஒரு நாளும் விடவில்லை.

மகள் பிறந்தாள். சொட்டு மருந்து, சோதனை, மறுபடி சோதனை என்று ஒன்றரை வருஷம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தோம். கடைசிச் சோதனையிலும் கிருமி இல்லை என்றார்கள். அப்பாடா என்று செல்வி சுவரில் சாய்ந்துவிட்டாள். நான் கவுண்டருக்கு ஓடினேன். குரங்குப் பிரசங்கம் ஒன்று காத்திருக்கிறது என்று நினைத்தேன்.

முடிவைச் சொன்னதும் சார் ஸ்டூலில் உட்கார்ந்து கர்ச்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"மருந்து வேலை செய்யும்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"குரங்குக்குச் செய்யும்னு தெரியுங்க. நம்ம புள்ளைக்கு என்ன ஆவுமோன்னு எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

எங்களைச் சிரிக்க வைத்த அத்தனை மாதமும், அந்த மனுஷர் எங்களோடு சேர்ந்து பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்.