கரடிக்குத் தெரியாத திரும்பும் வழி

ஒரு காட்டில், மேட்டுக்கு இந்தப் பக்கம், வளை தோண்டும் விவகாரங்களைக் கவனிக்கும் வளைத் துறையின் கிளை அலுவலகம், அந்தப் பக்கம் தலைமை அலுவலகம். இரண்டுக்கும் நடுவே ஒரு வயர். இணையம் தலைமையில் மட்டும்தான். கிளையிலிருந்து எது போனாலும் அந்த வயரில் போய், தலைமையின் ஃபயர்வாலைத் தாண்டித்தான் வெளியே போகவேண்டும். ஃபயர்வால் என்றதும் என்னமோ ஏதோ என்று பயப்படாதீர்கள். ஒரு சுவர், ஒரு கதவு, கதவருகே ஒரு கரடி. அவ்வளவுதான்.

அந்தக் காட்டில் அனுமதி இல்லாமல் யாரும் மண்ணில் நகம் வைக்கக் கூடாது. முயலுக்கும் அதே சட்டம். கேட்டீர்களா அநியாயத்தை!

செண்பகவல்லி என்ற முயல் நாலு குட்டிகளோடு கிளைக்கு வந்தது. அதன் பழைய வளை வெள்ளத்தில் போய்விட்டது. வானம் வேறு கறுத்துக்கொண்டு நின்றது.

"மழைக்கு முன்னால் வளை தோண்ட அனுமதி வாங்கிக் குடுங்கய்யா. குட்டிங்க நனைஞ்சா தாங்காது."

குமாஸ்தா ஆமை, இணையத்தில் அனுமதி தரும் தளத்துக்கு அனுப்ப, மனுவைக் கணினியில் ஏற்றிப் பொத்தானை அமுக்கியது. திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"இன்னொரு தடவை அமுக்குங்கய்யா."

பதினொரு தடவை அமுக்கியாயிற்று. ஆமை கரடிக்கு போன் போட்டது.

"அண்ணே, எங்க மனு வெளியே போச்சா?"

"பதினொண்ணும் போச்சு. பதினொண்ணுக்கும் பதிலும் வந்துச்சு."

"அப்புறம் ஏன் இங்கே வரலை?"

"கிளைக்கு எந்த வழியா திருப்பி அனுப்பணும்னு என் ஏட்டில் எழுதலையேப்பா. போற வழி மட்டும்தான் இருக்கு. எல்லாம் என் காலடியில்தான் கிடக்கு."

"அதே வயரில் தள்ளிவிடுங்களேன்!"

"ஏட்டில் இல்லாததைச் செய்யமாட்டேன். வழி எழுதணும்னா இணையத்தில் மனுப் போடு. அதுக்குப் பதில் உன் கைக்கு வந்ததும் சொல்லு, எழுதிக்கிறேன்."

செண்பகவல்லிக்கு அழுகை வந்தது. முதல் தூறல் விழுந்ததும் அழுகை கோபமாகிவிட்டது. "போங்கய்யா, நீங்களும் உங்க ஏடும்!" என்று ஆமையின் மேஜைக்கு அடியிலேயே தோண்டத் தொடங்கியது. மேட்டைக் குடைந்து, கரடியின் நாற்காலிக்குப் பின்னால் தலையை நீட்டி, பதில்களை அள்ளிக்கொண்டு வந்த வழியே திரும்பியது. கரடி கதவைவிட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை. கடமை என்றால் கடமை.

ஆமை படித்தது. முதல் பதில்: 'அனுமதி வழங்கப்பட்டது.' பதினொன்றாவது: 'ஒரே மனுவைப் பலமுறை அனுப்பியதால் அனுமதி ரத்து.'

"ஐயையோ, இப்போ என்னம்மா செய்வே?"

வெளியே மழை கொட்டியது. நாலு குட்டிகளும் எப்போதோ குழிக்குள் இறங்கி, காய்ந்த மண்ணில் தூங்கிக்கொண்டிருந்தன.

மறுநாள் ஆமை அந்தக் குழியைத் தலைமையின் சுவருக்கு அப்பால் வரை நீட்டச் செண்பகவல்லியிடம் சொல்லி, ஒரு தனி வயரை இழுத்தது. கிளைக்கு இணையம் ஜோராக வந்தது. சோதனைக்கு வந்த நரி அதிகாரி அந்த இணையத்தில் கோழி வீடியோ பார்த்துக்கொண்டே குழியைப் பார்த்தது. மூடினால் கோழி நின்றுவிடும்.

"இந்தக் குழியில் யாரும் கை வைக்கக் கூடாது. முயல் குடும்பத்தோடு உள்ளேயே தங்கிப் பார்த்துக்கொள்ளட்டும்" என்று உத்தரவு போட்டது. கதவு வழியாக ஒரு பதிலைக்கூட உள்ளே விடாத கரடிக்குச் சிறந்த காவலர் விருது கிடைத்தது.

நீதி: அனுமதியில்லாமல் தனக்குத் தோண்டினால் அது குற்றம், அதிகாரிக்கும் சேர்த்துத் தோண்டினால் அது திட்டம்.