விளம்பரத்தை வெட்டாத பெட்டி

டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்கிற பெட்டி மறுபடியும் விளம்பரங்களை வெட்டித் தள்ளியிருந்தது.

சந்தானம் ரிமோட்டைப் பிடித்தபடி சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். திரையில் பழைய போலீஸ் தொடர் ஒன்று ஓடியது. இன்ஸ்பெக்டர் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார். கதவு திறப்பதற்குள் அடுத்த காட்சி வந்துவிட்டது. நடுவில் இருந்திருக்க வேண்டிய விளம்பரங்களில் ஒன்றுகூட இல்லை. சந்தானத்துக்கு வேண்டியது அந்த விளம்பரங்கள்தான். தொடர் யாருக்கு வேண்டும்?

பெட்டி விளம்பரங்களை ஒன்று விடாமல் நீக்கிவிடுகிறது என்று நஞ்சப்பனுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினார். புகாராகத்தான் எழுதினார். நஞ்சப்பன் கைதட்டும் படம் ஒன்றை அனுப்பி, தன் வீட்டில்கூட இவ்வளவு சுத்தமாக வெட்டுவதில்லை, சார் அதிர்ஷ்டக்காரர் என்று பதில் போட்டார்.

நஞ்சப்பன் அமெரிக்காவில், பிரிட்ஜ்வாட்டரில் அடுத்த தெருக்காரர். சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம். மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு வேலை, மற்ற நேரமெல்லாம் ஆன்டெனா. காற்றில் சும்மா வருகிற சேனல்களை ஆன்டெனாவில் பிடித்து, பெட்டியில் பதிவு செய்து, விளம்பரமில்லாமல் பார்ப்பதைப் பற்றிக் கோயில் கேன்டீனில் இட்லி ஆறிப்போகும் வரை பேசுவார். அதனால்தான் சந்தானம் அவரிடம் போனார். ஆனால் எதற்காக என்பதைச் சொல்லவில்லை. டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்ய நம்பகமான பெட்டி ஒன்று வேண்டும் என்று மட்டும் சொன்னார். மனைவி போன துக்கத்தில் இருக்கிற மனுஷன், ஏதாவது பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று நஞ்சப்பனும் நினைத்துக்கொண்டார்.

ஜலஜா மார்ச்சில் இறந்துபோனாள். கணையத்தில் புற்றுநோய். தெரிந்ததற்கும் முடிந்ததற்கும் நடுவில் ஒரு பொங்கல்தான் வந்தது.

அக்டோபரில் ஒருநாள் சாயங்காலம் சந்தானம் வெறுமனே சேனல் மாற்றிக்கொண்டிருந்தார். கேபிளை எப்போதோ நிறுத்தியாகிவிட்டது. ஜன்னலில் ஒட்டியிருந்த தட்டை ஆன்டெனாவில் வருவதுதான் டிவி. பழைய தொடர்களையே திரும்பத் திரும்பப் போடும் ஒரு சின்ன உள்ளூர் சேனலில், ரூட் இருபத்திரண்டு நெடுஞ்சாலை ஓரத்துப் பல் கிளினிக் ஒன்றின் விளம்பரம் வந்தது. மருத்துவர் சிரித்தார். பெரிய நாற்காலியில் ஒரு குழந்தை சிரித்தது. பிறகு காத்திருக்கும் அறை. அங்கே ஜலஜா உட்கார்ந்திருந்தாள்.

பச்சை ஸ்வெட்டர். தலை நிறைய முடி. பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பி, ஏதோ சொல்லி, வாயைப் பொத்தாமல் சிரித்தாள். இரண்டு வினாடி இருக்குமோ என்னவோ. கிளினிக்கின் ஃபோன் நம்பர் வந்து திரையை மூடிவிட்டது.

சந்தானம் எழுந்து டிவியின் பின்பக்கம்வரை போய்ப் பார்த்தார். ஏன் போனார் என்று அவருக்கே தெரியவில்லை.

ஜலஜா சிரிக்கிற மாதிரி வீட்டில் ஒரு வீடியோகூட இல்லை. எல்லா வீடியோவையும் எடுத்தவள் அவள்தான். பல்லுக்கு அவளை அங்கே காரில் கூட்டிப்போனவரே அவர்தான், ஆனால் விளம்பரத்தில் வந்ததை அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. அது ஒரு பக்கம் உறுத்தியது. இன்னொரு பக்கம், அப்படி யாரைப் பார்த்துச் சிரித்தாள்? முப்பத்தோரு வருஷத்தில் தன்னிடம் அப்படிச் சிரித்ததாக அவருக்கு ஞாபகமில்லை.

கிளினிக்குக்கு ஃபோன் செய்தார். மருத்துவர் மாறிவிட்டார், விளம்பரம் எடுத்தவர்கள் யாரென்று தெரியாது என்றார்கள். சேனலுக்கு ஃபோன் செய்தார். விளம்பரத்தையெல்லாம் வெளியாருக்குத் தருவதில்லை, எப்போது வரும் என்றும் சொல்ல முடியாது, இடம் காலியாகும்போது ஓட்டுவோம் என்றார்கள். ஆக, காத்திருந்து பிடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதற்குத்தான் பெட்டி.

பெட்டியின் செட்டிங்கில் தேடி, விளம்பரம் வெட்டுவதை ஒருவழியாக நிறுத்தினார். அந்தச் சேனலை நாள் முழுக்கப் பதிவு செய்யச் சொன்னார். உலகத்தில் எல்லோரும் விளம்பரத்தை ஓட்டிவிட்டு நிகழ்ச்சியைப் பார்ப்பார்கள். சந்தானம் நிகழ்ச்சியை ஓட்டிவிட்டு விளம்பரத்தைப் பார்த்தார். விபத்து வக்கீல்கள், மெத்தைக் கடைகள், முழங்கால் வலித் தைலம், முதியோர் இன்சூரன்ஸ். ஒரு வக்கீலின் ஃபோன் நம்பர் மனப்பாடமே ஆகிவிட்டது. அவர் பார்க்கிற வேகத்தைவிடப் பெட்டி நிரம்புகிற வேகம் அதிகமாக இருந்தது. நிரம்பியதும் பழையதைத் தானாகவே அழித்துவிடும். அழிந்ததில் அவள் இருந்தாளா என்று நினைத்து நினைத்துச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒருநாள் கிடைத்துவிட்டாள். மழை நாள். மருத்துவர் சிரித்தார், குழந்தை சிரித்தது, ஜலஜா வந்தாள். தலையைத் திருப்பினாள். அவ்வளவுதான், முகம் சின்னச் சின்னச் சதுரங்களாக உடைந்தது. பச்சை ஸ்வெட்டர் மட்டும் மிச்சமிருந்தது. பக்கத்து நாற்காலி இருந்த இடமே தெரியவில்லை.

இருந்தாலும் கிடைத்தது கிடைத்ததுதானே. அது அழிந்துவிடாமல் இருக்கப் பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி மாட்டினார். பெட்டி ஒரு கேள்வி கேட்டது. சந்தானம் படிக்காமல் சரி என்று அழுத்தினார். பெட்டி எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதுசாக ஆரம்பித்தது.

மகள் அதிதி சான் ஹோசேயிலிருந்து வீடியோ காலில் வந்தபோது அவர் மடிக்கணினியில் ஆன்டெனாக்காரர்களின் இணைய மன்றம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். அவள் வேலையைப் பற்றி, குழந்தையின் டேகேரைப் பற்றி நிறையச் சொன்னாள். இவர் ம் கொட்டினார். கடைசியில் அவள் பேச்சை நிறுத்தினாள்.

"அப்பா, நஞ்சப்பன் அங்கிள் கால் பண்ணினார். ஆர் யூ ரெக்கார்டிங் டிவி ஆல் டே?"

"சும்மா, டெஸ்ட் பண்றேன்."

"யூ ஷுட் டாக் டு சம்படி, அப்பா."

"பேசிண்டுதானே இருக்கேன், உன்கிட்ட."

அவளிடமாவது சொல்லியிருக்கலாம். ஆனால் உன் அம்மா யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள், அது யார் என்று தெரிந்தாக வேண்டும் என்று பெற்ற பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

சிக்னல்தான் கோளாறு, ஆன்டெனா உயரத்தில் இருக்க வேண்டும் என்று மன்றத்தில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். சந்தானம் பெரிய ஆன்டெனா ஒன்றை வாங்கி, கூரைக்கு அடியில் பரண் மாதிரி இருந்த அட்டிக்கில் தானே ஏறினார். மரச்சட்டத்தின் மேல் கால் வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் சட்டங்களுக்கு நடுவில் குளிருக்காகப் பரப்பியிருந்த பஞ்சின் மேல் வைத்தார். அட்டைக் கூரை பிளந்து வலது கால் தொடைவரை கீழே இறங்கிவிட்டது. கீழே இருந்தது ஜலஜா கடைசி மாதங்களில் படுத்திருந்த அறை. அந்தக் கட்டிலுக்கு நேர் மேலே ஒற்றைக் காலை ஆட்டிக்கொண்டு, ஃபோனும் எட்டாமல், அரிசிம்பருப்பு சாதம் கொடுக்க வந்த நஞ்சப்பன் மனைவி மரகதம் கராஜ் வழியாக உள்ளே வந்து கூப்பிடும்வரை அங்கேயே தொங்கினார். மரகதம் முதலில் பார்த்தது காலைத்தான். அவர் போட்ட சத்தத்தில் சாதம் கொட்டிவிட்டது.

ஆன்டெனா ஒருவழியாக அட்டிக்கில் நின்றது. சிக்னல் இன்னும் பலமாகட்டும் என்று ஆம்ப்ளிஃபயர் ஒன்றையும் மாட்டினார். பலம் அளவுக்கு மீறிப்போய், சேனல்களைப் பிரித்தெடுக்கிற டியூனர் திணறியது. மற்ற சேனலெல்லாம் கண்ணாடி மாதிரி வந்தன. அந்த ஒரு சேனல் மட்டும் அடியோடு காணாமல் போனது.

அந்த வாரம்தான் சேனலுக்கு மறுபடி ஃபோன் செய்தார். அங்கே இருந்த பெண்ணுக்கு அவர் குரல் பழகிவிட்டது. பல் கிளினிக் விளம்பரத்தைப் புதுப்பிக்கவில்லை, இந்த மாதத்தோடு அது நின்றுவிடும் என்றாள். இனிக் காத்திருக்க வேண்டாம், அவருக்கு அதில் நிம்மதிதானே என்கிற மாதிரி சொன்னாள்.

சந்தானம் கட்டுப்போட்ட காலோடு நடந்தே நஞ்சப்பன் வீட்டுக்குப் போனார். அந்த ஊரில் யாரும் யார் வீட்டுக்கும் நடந்து போவதில்லை. நஞ்சப்பன் கதவைத் திறந்து முதலில் தெருவில் காரைத் தேடினார், பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தார். சந்தானம் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பச்சை ஸ்வெட்டரைச் சொன்னார். முகம் சதுரம் சதுரமாக உடைந்ததைச் சொன்னார். யாரைப் பார்த்துச் சிரித்தாள் என்கிற இடத்தை மட்டும் வாசல் மிதியடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

நஞ்சப்பன் அவரைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தார்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே, சார். விளம்பரத்த வெட்டாத பொட்டிதானுங்களே வேணும்? அது ரொம்ப லேசுங்க. நானாத்தான் தேடித் தேடி வெட்டற பொட்டியா வாங்கிக் குடுத்தேன்."

சனிக்கிழமை காலை நஞ்சப்பன் ஏணியோடு வந்தார். ஆன்டெனாவைக் கூரை உச்சிக்கு ஏற்றி, ஒளிபரப்புக் கோபுரம் இருக்கிற நியூயார்க் பக்கமாகத் திருப்பி, ஒரு நூல் இப்படி ஒரு நூல் அப்படி என்று கீழே இருந்த சந்தானத்திடம் கேட்டுக் கேட்டு இறுக்கினார். ஆம்ப்ளிஃபயரைக் கழற்றி வீசினார். வைஃபையை நம்பக்கூடாது என்று வீடு முழுக்கக் கேபிள் இழுத்தார். ஒரு டியூனரை ஒரு கணினியிலும் இன்னொன்றை வேறொரு கணினியிலும் பதிவு செய்ய வைத்தார். ஒன்று படுத்தாலும் மற்றது ஓடும். மின்சாரம் போனாலும் தாங்க ஒரு பேட்டரி. பல் கிளினிக் விளம்பரத்துக்கு இவ்வளவு மரியாதை அமெரிக்காவிலேயே யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

வேலைக்குப் போகாத நேரமெல்லாம் இரண்டு பேரும் ஆளுக்குப் பாதியாகப் பதிவுகளை ஓட்டிப் பார்த்தார்கள். மாதம் முடிகிற கட்டத்தில் நஞ்சப்பன் கூப்பிட்டார். குரலை வைத்தே சந்தானத்துக்குத் தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நஞ்சப்பனும் மரகதமும் வந்தார்கள். மரகதம் மறுபடியும் சாதம் கொண்டுவந்திருந்தார். யாரும் அதைத் தொடவில்லை. திரைச்சீலைகளை இழுத்துவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். நஞ்சப்பன் விளம்பரத்தை ஓட்டினார்.

ஒரு சதுரம்கூட இல்லை. கழுவித் துடைத்த மாதிரி படம். மருத்துவர், குழந்தை, பிறகு அவள். பச்சை ஸ்வெட்டரில் ஒரு நூல் பிரிந்திருந்ததுகூடத் தெரிந்தது. திரும்பினாள், உதடு அசைந்தது, சிரித்தாள். படத்துக்கு மேல் வெறும் சங்கீதம் மட்டும் ஓடியதால் சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை. சந்தானம் இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை. பிறகு மெதுவாக ஓட்டச் சொன்னார். மரகதம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நாலாவது தடவைதான் சந்தானம் ஜலஜாவை விட்டுவிட்டுப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். அங்கே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். கேமராவுக்குப் பாதி முதுகைக் காட்டிக் குனிந்திருந்ததால், முகம் தெரியாமல் முழு வழுக்கையான உச்சந்தலை மட்டும் தெரிந்தது. கையில் ஃபோன். ஜலஜா அவன் முழங்கையைத் தொட்டு ஏதோ சொன்னாள். அவனைப் பார்த்துத்தான் அப்படிச் சிரித்தாள். அவன் அசையவில்லை. ஃபோனில் விரலை நகர்த்திக்கொண்டே இருந்தான்.

சந்தானம் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். இத்தனை நாள் பயந்தது வேறு. இப்போது வந்தது பொறாமை இல்லை, கோபம்.

"யார் இவன்? இவ்வளவு ஆசையா ஒருத்தி தொட்டுப் பேசறா. தலையத் தூக்கிப் பாக்கக்கூட இல்லையே. மனுஷனா இவன்?"

நஞ்சப்பன் படத்தை நிறுத்தினார். ரிமோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தானம் திரும்பி, சொல்லுங்கோ, இந்த ஆளை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

மரகதம்தான் வாயைத் திறந்தார்.

"அண்ணா, அது நீங்கதானுங்க."